சிலம்பம் பயில்வோர்க்கு வேண்டுவது தண்டாலா, பளுவா?

தைப்பூச நாளன்று ஈப்போ கல்லுமலைக் கோயிலின் அருகே என் பழைய மாணவன் ஒருவனைக் கண்டேன். தோட்டப் பள்ளியில் என்னிடம் ஆறாண்டு பயின்றவன். இப்பொழுது புந்தோங்கில் குடியிருக்கிறான். பகலில் பட்டறை வேலை, மாலையில் சிலம்பப் பயிற்சி. நலம் வினவிய பின், அவன் ஒரு வழக்கைத் தீர்த்து வைக்குமாறு என்னைக் கேட்டுக்கொண்டான்.

“ஐயா, எங்கள் ஆசான் இரும்பைத் தொடாதே என்கிறார். தூக்கினால் உடம்பு கட்டையாகிப் போகும், கம்பு சுற்றும் கை வளையாது என்கிறார். உடற்பயிற்சி நிலையத்தில் இருப்பவரோ, தண்டாலும் பஸ்கியும் அந்தக் காலத்துச் சங்கதி, அவற்றால் பலம் வராது என்கிறார். நான் யார் சொல்லைக் கேட்பது?”

அன்று நான் அவனுக்கு நேரான விடை கூறவில்லை. “பிறகு பேசுவோம், தம்பி” என்று சொல்லி வந்துவிட்டேன். விடை தெரியாமை மட்டும் அதற்குக் காரணமன்று. இவ்வினா தொடர்பாக என் மனத்தில் பழைய குறையொன்றும் இருந்தது. அதனைப் பின்னர்க் கூறுவேன். இவ்வினா அவன் ஒருவனுக்கே உரியதன்று. பள்ளியில் புறப்பாட வேளையில் சிறார்க்குச் சிலம்பக் கம்பைக் கையில் கொடுக்கும் ஆசிரியர் ஒவ்வொருவரும் இதற்கு விடை கண்டாக வேண்டும். ஆதலின், சொல்லாய்வு, மரபு, உடலியல் என்னும் மூன்று வழியாலும் இதனை ஆராய்ந்து பார்ப்போம்.

சொல் காட்டும் செய்தி

தமிழில் ‘மல்’ என்னும் சொல் வலிமையைக் குறிக்கும், வளத்தையும் குறிக்கும். மல் என்பதோடு போர் சேர்ந்து மற்போர் ஆயிற்று. அதில் வல்லவன் மல்லன் ஆனான். புறநானூற்றில் போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்னும் சோழன் ஆமூர் மல்லனோடு பொருத செய்தியைச் சாத்தந்தையார் பாடியுள்ளார். அது அத்தொகை நூலின் 80-ஆம் பாட்டு. ஒரு காலை மல்லனின் மார்பில் ஊன்றி, மற்றொரு காலால் அவன் சூழ்ச்சியைத் தடுத்துப் பின்புறம் வளைத்த நிலையை அப்புலவர் கண்முன் நிறுத்துகிறார். அரசன் வென்றது உடற்பளுவினால் மட்டும் அன்று. வித்தையினால் மட்டும் அன்று. கால் எங்கே ஊன்ற வேண்டும் என்பது வித்தை. ஊன்றிய கால் நழுவாமல் நிற்பது வலிமை. இவ்விரண்டும் வெவ்வேறு என்பதையும், இரண்டும் வேண்டும் என்பதையும் வாசகர் இங்கேயே மனத்திற் கொள்ள வேண்டுகிறேன்.

இனி, நம் வழக்கில் உள்ள பயிற்சிப் பெயர்களை நோக்குவோம். தண்டால், பஸ்கி என்பவற்றை நாம் நம் மண்ணின் பழைய பயிற்சிகள் எனப் போற்றுகிறோம். ஆயின், இப்பெயர்கள் வடபுல வழக்கிலிருந்து வந்தவை. வடநாட்டு மல்லர் ‘தண்ட்’ என்பதே நம்மிடம் தண்டால் ஆயிற்று; பஸ்கி என்பதிலுள்ள எழுத்தே அது வந்த சொல் என்பதைக் காட்டும். மாறாக, பளுவைத் தூக்கும் பயிற்சிக்கு நம் சிற்றூர்களில் வழங்கிய பெயரோ ‘இளவட்டக்கல்’ என்னும் நல்ல தமிழ்ப் பெயர். பெயர் வந்த வழியே பயிற்சியும் வந்தது என்று நான் வாதிடவில்லை. தரையில் கையூன்றி எழுதல் எந்நாட்டு மக்களுக்கும் இயல்பாக வாய்ப்பது. ஆயினும், ‘தண்டால் நம்முடையது, பளு அயலாருடையது’ என்னும் கூற்றுக்குச் சொல்லாய்வு துணை நிற்கவில்லை என்பது தெளிவு.

பளு நம் மரபிற்குப் புதிதா?

இளவட்டக்கல் என்பது பிடி ஏதுமில்லாத, வழவழப்பான உருண்டைக் கல். ஊர்ப் பொதுவிடத்தில் அது கிடக்கும். குத்துக்காலிட்டு அமர்ந்து, கல்லை இரு கைகளாலும் அணைத்து முழங்காலுக்கு ஏற்றி, அங்கிருந்து மார்புக்கும் தோளுக்கும் உயர்த்திப் பின்புறம் எறிய வேண்டும். அதனைத் தூக்கிய இளைஞனுக்கே பெண் கொடுப்பர் என்னும் வழக்கு தென்பாண்டி நாட்டில் இருந்தது. நெல்லை மாவட்டத்து வடலிவிளையில் பொங்கல் விழாவின்போது இக்கல்லைத் தூக்கும் போட்டி நம் காலத்திலும் நடைபெறுகிறது. அங்கே ஒரே கல் இல்லை. சிறிதும் பெரிதுமாகப் பல கற்கள் உள்ளன. சிறியதைத் தூக்கியவன் அடுத்ததற்குச் செல்கிறான். இந்த வரிசையின் பயனைச் சற்றுப் பின்னர்க் காண்போம்.

கர்லாக்கட்டையும் பளுவே. மரத்தாற் செய்த அக்கட்டையைத் தோளுக்குப் பின்னால் இறக்கிச் சுழற்றி முன்னே கொணரும்போது தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகிய மூன்று மூட்டுகளும் ஒருங்கே உழைக்கின்றன. இந்தியாவில் இதனைக் கண்ட ஆங்கிலப் படையினர் தம் நாட்டுக்கு எடுத்துச் சென்றனர். 1904-இல் செயிண்ட் லூயியிலும், 1932-இல் லாஸ் ஏஞ்சலிலும் நடந்த ஒலிம்பிக் விழாக்களில் கட்டை சுழற்றுதல் ஒரு போட்டியாகவே இடம்பெற்றது.

பிற நாட்டுப் போர்க்கலைகளிலும் இதுவே நிலை. கராத்தே பிறந்த ஒகினாவாத் தீவில், கோலின் நுனியில் கல்லைப் பொருத்திச் சுழற்றுவர். மணல் நிறைத்த சாடியின் விளிம்பை விரல்களாற் பற்றித் தூக்கி நடப்பர். சீன மற்கலைஞரிடம் பூட்டுப் போலக் குடைந்து கைப்பிடி வைத்த கற்கள் உண்டு. அவற்றை எறிந்து பிடித்துப் பழகுவர். வடநாட்டு மல்லர் கழுத்தில் கல்வளையம் அணிந்து பஸ்கி எடுப்பர், கதையைச் சுழற்றுவர். தண்டாலுக்கும் பஸ்கிக்கும் எடுத்துக்காட்டாக எல்லோரும் கூறும் மல்லர் காமா. 1910-இல் இலண்டனில் போலந்து நாட்டு மல்லர் ஸ்பிஸ்கோவோடு அவர் பொருதபோது வெற்றி தோல்வியின்றி முடிந்தது. 1928-இல் பாட்டியாலாவில் அதே மல்லரை ஒரு நிமிடத்திற்குள் வீழ்த்தினார். காமா ஆயிரக்கணக்கில் தண்டாலும் பஸ்கியும் எடுத்தார் என்பதை எல்லோரும் நினைவு கூர்வர். ஆனால் அவர் நாள்தோறும் பல மல்லர்களோடு பொருது பழகினார் என்பதை மறந்துவிடுவர். எதிர்த்து நிற்கும் ஓர் ஆள், அசைந்து கொடுக்காத இரும்பைக் காட்டிலும் கடினமான பளு அன்றோ?

நம் நாட்டிற்கும் இரும்பு அயலானதன்று. 1950-இல் ஆக்லாந்தில் நடந்த பிரித்தானியப் பேரரசு விளையாட்டு விழாவில் மலாயா பெற்ற தங்கப் பதக்கங்கள் இரண்டும் பளுதூக்கலிற் கிடைத்தவை.

தசை வலுப்பெறும் முறை

குரோட்டன் நகரத்து மைலோ என்னும் பழங்கிரேக்க மல்லன், கன்றுக்குட்டி ஒன்றை நாள்தோறும் தூக்கிச் சுமந்தான் என்றும், கன்று வளர வளர அவன் வலிமையும் வளர்ந்து இறுதியில் முழுக்காளையையே சுமந்தான் என்றும் ஒரு பழங்கதை உண்டு. கதையை அப்படியே நம்ப வேண்டுவதில்லை. அதிலுள்ள கருத்து மெய்யானது. சுமை சிறிது சிறிதாக ஏற வேண்டும். ஏறினால்தான் உடல் அதற்கு ஈடு கொடுக்கத் தன்னை மாற்றிக்கொள்ளும். வடலிவிளையில் கற்கள் வரிசையாகக் கிடப்பதன் பயனும் இதுவே.

இக்கருத்தை மருத்துவத்தில் முறைப்படுத்தியவர் அமெரிக்கப் படை மருத்துவர் தாமஸ் டிலோர்ம். இரண்டாம் உலகப் போரில் கால் முடங்கிய வீரர்க்கு அதற்கு முன்னெல்லாம் இலேசான பயிற்சியைப் பலமுறை செய்யச் சொல்வது வழக்கம். அவரோ, நோயாளி பத்து முறை மட்டுமே தூக்கவல்ல எடையைக் கண்டறிந்து கொடுத்தார். வலு ஏறியதும் எடையையும் ஏற்றினார். முடங்கிய தசைகள் முன்னிலும் விரைவாகத் தேறின. 1945-இல் அவர் இம்முறையை வெளியிட்டார். உடற்பயிற்சி நிலையங்களில் பத்துப் பத்தாக எண்ணும் வழக்கம் பரவியதற்கு இதுவே பெருங்காரணம்.

பயிற்சியின் தொடக்க வாரங்களில் வலு கூடுவது பெரும்பாலும் நரம்பின் வேலை. தசையில் உறங்கிக் கிடக்கும் இழைகளை ஒருங்கே எழுப்ப மூளை கற்றுக்கொள்கிறது. தசை பருப்பது அதற்குப் பின்னரே. எனவே, ‘உருவம் பெருக்கவில்லையே, வலு எப்படி வந்தது?’ என ஐயுற வேண்டியதில்லை.

இன்னுமோர் உண்மை உண்டு. உடல் எதைப் பயின்றதோ அதிலேயே தேறும். ஐம்பது முறை செய்யும் பயிற்சி, ஐம்பது முறை செய்யும் தாங்குதிறனை மிகுதியாக வளர்க்கும். ஒரே முறை முழு வலுவோடு தள்ளும் ஆற்றலை அந்த அளவுக்கு வளர்க்காது. எத்தனை கிலோ தூக்கினாலும் கம்பு சுற்றும் வித்தை தானே வந்துவிடாது. வலிமை ஒரு முதல். அதனை வித்தையாக மாற்றுவது தனிப்பயிற்சி.

தண்டாலின் கணக்கு

கால் நுனியும் கைகளும் தரையில் ஊன்றிய தண்டாலில், உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் கைகள் தாங்குகின்றன. முழங்கால் ஊன்றினால் அது ஏறத்தாழப் பாதியாகக் குறையும். முப்பது கிலோ எடையுள்ள நான்காம் ஆண்டு மாணவன் தண்டால் எடுக்கும்போது இருபது கிலோவைத் தள்ளுகிறான் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இருபது கிலோ இரும்பை அவன் மார்பின்மேல் வைத்துத் தள்ளச் சொன்னால் பெற்றோர் பதறுவர். தண்டால் எடுக்கச் சொன்னால் பாராட்டுவர். தசைக்கோ இவ்வேறுபாடு தெரியாது.

ஐந்து தண்டால் எடுக்கத் திணறுபவனுக்கு அது நல்ல வலிமைப் பயிற்சி. ஐம்பது எடுக்கவல்லவனுக்கு அது பெரும்பாலும் மூச்சுக்கும் தாங்குதிறனுக்கும் உரிய பயிற்சி. அந்நிலையில் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட நிலையை மாற்றுதல் நன்று. கால்களைத் திண்ணைமேல் வைத்து எடுக்கலாம். மெல்ல இறங்கி இடையில் நிறுத்தலாம். ஒரு கைக்கு மிகுதியான எடையைக் கொடுக்கலாம். பஸ்கியை ஒற்றைக்காலால் எடுப்பது மிகக் கடினம் என்பதைச் செய்து பார்த்தவர் அறிவர். கருவி வேண்டாம், செலவு இல்லை, உடலை ஒரே பலகைபோல நிறுத்தப் பழக்கும். இவை தண்டாலின் நன்மைகள்.

ஆயினும் தண்டாலில் ஒரு குறை உண்டு. அது தள்ளும் பயிற்சி. இழுக்கும் பயிற்சி அன்று. சிலம்பத்தில் வீசிய கம்பை நிறுத்தித் திருப்புவதற்கு முதுகும், தோளின் பின்புறமும், முன்கையும் உழைக்க வேண்டும். தண்டால் மட்டுமே எடுப்பவனுக்கு மார்பு முன்னே வளர்ந்து, முதுகு பின்தங்கிவிடும். கம்பியில் தொங்கி எழுதல் இக்குறையை நீக்கும். பள்ளித் திடலில் உறுதியான குறுக்குக் கம்பி ஒன்று இருந்தாலே போதும்; எழ இயலாத பிள்ளை தொங்கினாலும் பிடி வலுப்பெறும்.

இரும்பின் கணக்கு

இரும்பின் முதல் நன்மை, அதனை அளக்கலாம் என்பது. இன்று பத்துக் கிலோ, அடுத்த வாரம் பதினொன்று எனச் சிறு படியாக ஏற்றலாம். உடல் எடையை அவ்வாறு வேண்டியபடி குறைக்கவோ கூட்டவோ இயலாது. தண்டால் ஒன்றுகூட எடுக்கமாட்டாதவனும் இரண்டு கிலோ தூக்குவான். இடுப்பு, தொடை, முதுகு ஆகிய பெருந்தசைகளுக்கு, நன்கு தேறியவரும் போதாதெனச் சொல்லமாட்டாத சுமையை இரும்பு தரும்.

‘உடம்பு கட்டையாகும்’ என்னும் அச்சத்திற்கு என்ன விடை? மூட்டு முழுமையாக மடங்கி விரியுமாறு பளு தூக்கினால் உடலின் வளைவு குறைவதில்லை என்பதே ஆய்வாளர் கண்ட முடிபு. பாதியளவே அசைத்து, கைகால்களை நீட்டிப் பழகாமல், கம்பையும் கீழே வைத்துவிட்டு, இரும்பை மட்டும் தூக்குபவன் விறைத்துப்போவான் என்பதில் ஐயமில்லை. ஆசான் தம் வாழ்நாளில் அத்தகையோரைக் கண்டிருக்கக்கூடும். அவர் அச்சம் வெறுங்கற்பனை அன்று.

வேகம் குறையுமோ எனில், இயற்பியல் ஓர் உண்மையைக் காட்டும். அசையும் பொருளின் எடை இருமடங்கானால் அதன் ஆற்றலும் இருமடங்காகும். விரைவு இருமடங்கானாலோ ஆற்றல் நான்கு மடங்காகும். ஆதலால் சிலம்பனுக்குக் கனத்த கம்பைவிட விரைந்த கம்பு மேலானது. ஆனால் நின்ற கம்பை ஒரு நொடிக்கும் குறைவான பொழுதில் அவ்விரைவுக்குக் கொண்டுவர விசை வேண்டும். விசையை வளர்ப்பது பளு. அதனை விரைவாகச் செலுத்தக் கற்பிப்பது கம்பு. இரண்டையும் பயிலாது ஒன்றை மட்டும் பயின்றால் குறையே. இக்காரணத்தாலேயே, கம்பின் நுனியில் எடை கட்டி வேகமாகச் சுழற்றுவதை நான் ஏற்பதில்லை. கம்பின் போக்கும் கெடும், மணிக்கட்டும் வருந்தும்.

இரும்பின் தீங்கு எங்கே வரும்? அவசரத்தில் வரும். புரூஸ் லீ தம் உடலைப் பேணியதில் யாருக்கும் பின்னடைந்தவர் அல்லர். அவரே 1970-இல், அறுபது கிலோ அளவுள்ள பளுத்தண்டைத் தோளில் வைத்து முன்னே குனிந்து நிமிரும் பயிற்சியில் முதுகைக் கெடுத்துக்கொண்டு பல மாதம் படுக்கையில் கிடந்தார். எனினும், தேறிய பின் அவர் பளுப்பயிற்சியை விட்டுவிடவில்லை. அதனால் நாம் கொள்ள வேண்டிய பாடம் ‘தூக்காதே’ என்பதன்று. ‘அளவறிந்து தூக்கு’ என்பதே.

தண்டாலில் தீங்கே இல்லை என்று எண்ணுவதும் பிழை. பழக்கமில்லாத உடலில் நூற்றுக்கணக்கில் தண்டாலும் பஸ்கியும் ஒரே நாளில் திணித்தால் தசையிழைகள் சிதைந்து, சிறுநீர் கருஞ்சிவப்பாக மாறி, சிறுநீரகமே பழுதுபடும் நிலை உண்டாகலாம். அத்தகைய நிறம் கண்டால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

தோட்டத்தில் யாரும் எண்ணாத பளு

இனி, நம் பேராக் மாநிலத்துத் தோட்டங்களுக்கு வருவோம். ஆசானின் சொல்லுக்கும் பயிற்றுநரின் சொல்லுக்கும் உள்ள முரணைத் தீர்க்கும் திறவுகோல் இங்கேதான் உள்ளது என்பது என் கருத்து.

1970-களின் இறுதியில் நான் தோட்டத்து லயத்தில் வளர்ந்த சிறுவன். என் தந்தையார் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பிரட்டுக்குச் செல்வார். பின் நிரை நிரையாக மரங்களைச் சீவி, மங்குகளில் வடிந்த பாலை வாளிகளிற் சேர்த்து, காண்டாக் கம்பின் இருமுனையிலும் மாட்டித் தோளில் சுமந்து வருவார். ரப்பர்ப் பாலில் பெரும்பகுதி நீரே. ஆகவே ஒரு லிட்டர் ஏறத்தாழ ஒரு கிலோ. வாளி ஒன்றுக்கு 15 லிட்டர் எனக் கொண்டாலும், வாளிகளின் எடையும் சேர அது 30 கிலோவுக்குக் குறையாது. மேடும் பள்ளமுமான காட்டில், சேற்றிலும் வேரிலும் கால் வைத்து, பால் சிந்தாமல் அதைச் சுமந்து கொட்டகை வரை நடக்க வேண்டும். என் தாயாரும் அவ்வாறே சுமந்தார்.

மாலையில் லயத்துக்குப் பின்னால் உள்ள வெளியில் சிலம்பம் நடக்கும். ஆசானும் அதே தோட்டத்துத் தொழிலாளிதான். பயில வந்த இளைஞர்க்கு அவர் கொடுத்தவை தண்டால், பஸ்கி, கால்மானம், கம்பு வீச்சு ஆகியவையே. இரும்பு எதுவும் அங்கில்லை. அப்படியிருந்தும் அவர்கள் அடித்த அடியில் கம்பு அதிர்ந்ததை நான் கண்டிருக்கிறேன். அதனால் நெடுநாள் வரை, ‘தண்டாலே போதும், பழையவர்கள் அதைக்கொண்டே வலிமை பெற்றார்கள்’ என நானும் நம்பியிருந்தேன், என் மாணவர்க்கும் அவ்வாறே கூறினேன்.

அது கணக்கிற் பிழை. அந்த இளைஞர்கள் பயிற்சிக்கு வருமுன்பே அன்றைய பளுவைத் தூக்கி முடித்திருந்தார்கள். காண்டாக் கம்பு அவர்கள் தோளுக்கும் இடுப்புக்கும் காலுக்கும் சுமை கொடுத்தது. வெட்டுக்கத்தி முன்கைக்கும் பிடிக்கும் பயிற்சி கொடுத்தது. விறகும் தண்ணீர்க் குடமும் முதுகுக்குப் பயிற்சி கொடுத்தன. அவர்களிடம் இல்லாதவை உடலைத் தாழ்த்தி எழுப்பும் வளைவும், மூச்சும், கால் இலாகவமும் ஆகும். அவற்றைத்தான் ஆசான் தண்டாலாலும் பஸ்கியாலும் கொடுத்தார். அவருடைய பாடத்திட்டம் குறையுடையதன்று. அதன் முதற்பாதி தோட்டத்து மலைக்காட்டில் நடந்தது. நாம் மாலைப் பாதியை மட்டும் கண்டு அதுவே முழுமை என்று எண்ணிவிட்டோம்.

இன்று நிலைமை மாறிவிட்டது. ரப்பர் மரங்கள் பல இடங்களில் செம்பனைக்கு வழிவிட்டன, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, மக்கள் ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் பிற நகரங்களுக்கும் குடிபெயர்ந்தனர். பிள்ளைகள் பேருந்தில் பள்ளிக்கு வருகின்றனர், நாற்காலியில் அமர்கின்றனர், வீட்டில் கைப்பேசியோடு அமர்கின்றனர். இவர்களுக்குப் பழைய ஆசானின் தண்டாலை மட்டும் கொடுப்பது, முதற்பாதியைக் கிழித்துவிட்ட நூலைப் படிக்கக் கொடுப்பதை ஒக்கும்.

இவ்வாறு கூறுவதால் அந்நாளைய சுமையை நான் போற்றுகிறேன் என்று எவரும் கருத வேண்டா. என் தந்தையாரின் தோளில் காண்டாக் கம்பு பதித்த தழும்பு இறுதிவரை மறையவில்லை. ஐம்பது வயதிற்குள் அவர் முதுகு நிமிரவில்லை. அச்சுமை அவர் உடல் தாங்கும் அளவைப் பார்த்து ஏற்றப்பட்டதன்று. கூலிக்குரிய அளவைப் பார்த்து ஏற்றப்பட்டது. நோவு கண்ட நாளில் குறைக்கவும், தேறிய நாளில் கூட்டவும், இடையே ஓய்வு கொள்ளவும் அவருக்கு உரிமை இல்லை. உழைப்பின் சுமைக்கும் பயிற்சியின் சுமைக்கும் உள்ள வேறுபாடு இதுதான். அவர்கள் அளவின்றிச் சுமந்ததை நம் பிள்ளைகள் அளவோடு தூக்கட்டும் என்பதே என் கருத்து.

என் குறை

முன்னர்ச் சொல்வதாகக் கூறிய குறையை இங்குக் கூறுகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு முன், ஆசிரியர் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்த புதிதில், சிறிய தோட்டப் பள்ளியொன்றில் சிலம்பக் குழுவைத் தொடங்கினேன். ‘நூறு தண்டால் எடுப்பவனுக்கே கம்பு’ என்று விதித்தேன். மெலிந்த சிறுவன் ஒருவன் முப்பதைத் தாண்டவில்லை. மற்றப் பிள்ளைகளை உரக்க எண்ணச் சொல்லி அவனை மேலும் எழுப்பினேன். மறுநாள் அவனால் கையை உயர்த்திச் சட்டை மாட்ட முடியவில்லை என்று அவன் தாயார் வந்து சொன்னார். அவர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. “பிள்ளைக்கு இது வேண்டாங்க, ஐயா” என்றார், அவ்வளவே. அச்சிறுவன் பிறகு கம்பைத் தொடவில்லை.

அவன் எடை ஏறத்தாழ இருபத்தைந்து கிலோ இருக்கும். மேசை விளிம்பில் கையூன்றிச் சாய்ந்து எடுக்கும் இலேசான தண்டாலில் அவனைத் தொடங்கியிருந்தால், சில மாதங்களில் தரையில் எடுத்திருப்பான். பளுவை அளக்க வேண்டும் என்பதை இரும்பின் விஷயத்தில் அறிந்திருந்த நான், தண்டாலும் ஒரு பளு என்பதை மறந்தேன்.

பள்ளியில் செய்யத்தக்கன

உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறை, 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம் உடலசைவில் ஈடுபட வேண்டும் என்றும், வாரம் மூன்று நாளேனும் தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் பயிற்சி அதில் இடம்பெற வேண்டும் என்றும் கூறுகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் அதே ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, தக்க மேற்பார்வையில் செய்யும் பளுப்பயிற்சி சிறாரின் வளர்ச்சியைத் தடுப்பதில்லை என்று தெளிவாக்கியுள்ளது. ‘பளு தூக்கினால் உயரம் குன்றும்’ என்னும் பேச்சை இனி நாம் விட்டுவிடலாம். நம் பள்ளிகளில் நடைபெறும் செகாக் உடலுறுதித் தேர்விலும் தண்டால் ஓர் உறுப்பாக இருத்தலால், பெற்றோர்க்கு இதனை விளக்குவது எளிது.

ஆசிரியர் பின்பற்றத்தக்க முறையைச் சுருங்கக் கூறுகிறேன்.

முதலாவது, கம்பு வித்தையை முதலிலும் வலுப்பயிற்சியைப் பின்னரும் வைத்தல் வேண்டும். களைத்த கையோடு வித்தை பயின்றால் பிழையே பழக்கமாகும்.

இரண்டாவது, வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள் போதும். இடையில் ஒரு நாள் ஓய்வு தேவை. தசை வலுப்பெறுவது அவ்வோய்வில்.

மூன்றாவது, தள்ளுதல், இழுத்தல், குந்தி எழுதல், இடுப்பில் மடிந்து தூக்குதல், சுமந்து நடத்தல் ஆகிய ஐந்தும் ஒவ்வொரு வாரமும் இடம்பெற வேண்டும். தண்டாலும் பஸ்கியும் முதலாவதற்கும் மூன்றாவதற்கும் உதவும். இழுப்பதற்குக் குறுக்குக் கம்பி. தூக்குவதற்கும் சுமப்பதற்கும் இரும்பு வாங்க வேண்டியதில்லை. ஒன்றரை லிட்டர் நீர்ப்புட்டி ஒன்றரைக் கிலோ. பழைய புத்தகப் பையில் மணலை அளந்து நிரப்பினால் ஐந்து கிலோ.

நான்காவது, எட்டு முதல் பன்னிரண்டு முறை ஒழுங்காகச் செய்யக்கூடிய சுமையில் தொடங்குக. அடுத்தடுத்த இரு நாளும் பன்னிரண்டை நிலை பிறழாமல் முடித்தால் மட்டும் சிறிது கூட்டுக. முதுகு வளைந்தாலோ மூட்டு நொந்தாலோ அங்கேயே நிறுத்துக. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கிக் குறித்து வைத்தல் நலம். பிள்ளை தன்னோடு மட்டுமே போட்டியிடட்டும்.

ஐந்தாவது, பெண்பிள்ளைகளை இதனின்று விலக்குதல் கூடாது. காண்டாக் கம்பைச் சுமந்தவர்களில் நம் தாய்மாரும் இருந்தனர்.

பெரும் இரும்புத் தண்டைக் கொண்ட பயிற்சி தொடக்கப் பள்ளிக்கு வேண்டா. இடைநிலைப் பள்ளியில், முறையை நன்கறிந்த ஒருவர் அருகில் நிற்கும்போது அதனைத் தொடங்கலாம்.

புந்தோங்கில் உள்ள என் மாணவனுக்கு நான் கூறும் விடையும் இதுவே: தம்பி, உன் ஆசான் அவசரத்தைப் பற்றிக் கூறியது உண்மை, பயிற்றுநர் பளுவைப் பற்றிக் கூறியது உண்மை. தண்டாலை விடாதே. வாரம் இரண்டு நாள் இரும்பைத் தொடு. குந்தி எழுவதும், தரையிலிருந்து தூக்குவதும், இழுப்பதும் போதும். சிறு எடையில் தொடங்கி, குறித்து வைத்து ஏற்று. மற்ற நாளெல்லாம் கம்பு உன் கையில் இருக்கட்டும். இதனை ஆசானுக்குத் தெரியாமல் செய்யாதே. அவரிடம் சென்று, அவர் இளமையில் எத்தனை வாளி சுமந்தார் என்று பணிவோடு கேள். அவர் சொல்லும் கணக்கே உனக்கு உத்தரவு அளிக்கும் என எண்ணுகிறேன்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த புறப்பாட வேளையில் ‘எத்தனை தண்டால்?’ என்று கேட்குமுன், ‘இப்பிள்ளையின் எடை என்ன? இதற்கு முன் எவ்வளவு தாங்கியிருக்கிறான்?’ என்று கேளுங்கள். அந்த வினாவை நான் முப்பது ஆண்டுகளுக்கு முன் கேட்டிருந்தால், ஒரு சிறுவன் கம்பைக் கீழே வைத்திருக்கமாட்டான்.